செம்பு லாடம்

எலிஷா டிரெம்பாத்தின் உடுப்பில் பை கிடையாது. சட்டையிலும் இல்லை, கால்சட்டையிலும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை சேப்பலுக்குப் போட்டுப்போகும் கறுப்புக் கோட்டிலும் இல்லை. வெடிமருந்து ஆலை உடுப்பில் பை இருக்கக் கூடாது என்பது சட்டம். கறுப்புக் கோட்டுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அதன் பைகளை அவனே உட்கார்ந்து தைத்து மூடினான். வாரத்தில் ஆறு நாள் இல்லாத ஒன்று ஏழாம் நாள் மட்டும் இருப்பது அவனுக்குத் தொந்தரவாக இருந்தது. காணிக்கைக் காசை உள்ளங்கையில் மூடிக்கொண்டு பிரசங்கம் முடியும்வரை உட்கார்ந்திருப்பான். காசு சூடாகிவிடும்.

கார்ன்வாலின் வெள்ளீயச் சுரங்கங்களுக்கும் செம்புச் சுரங்கங்களுக்கும் பாறை பிளக்கிற மருந்து அந்தப் பள்ளத்தாக்கிலிருந்துதான் போனது. நடுவில் ஆறு. ஆற்றிலிருந்து பிரித்த வாய்க்கால், வாய்க்காலோரம் நீர்ச்சக்கரங்கள், சக்கரத்துக்கு ஒரு கொட்டகை. ஒவ்வொரு கொட்டகைக்கும் மூன்று பக்கம் தடித்த கருங்கல் சுவர். நான்காவது பக்கம் வெறும் பலகை, மேலே லேசான கூரை. போவதென்றால் அந்தப் பக்கமாக, ஆற்றை நோக்கிப் போகட்டும் என்பது கட்டியவர்களின் கணக்கு. கொட்டகைகளுக்கு நடுவே மரங்களை நெருக்கி வளர்த்திருந்தார்கள், அதிர்ச்சியை இலைகள் வாங்கிக்கொள்ளும் என்று. வெடித்தது என்ற சொல்லை அங்கே யாரும் சொல்வதில்லை. கொட்டகை போனது என்பார்கள். யார் போனார்கள் என்பதைக் கொஞ்சம் கழித்துத்தான் கேட்பார்கள்.

பட்டை உரிக்கிற வேலைக்குத்தான் எலிஷா முதலில் வந்தான். ஆற்றோரத்து மரங்களை வெட்டிப் பட்டை உரித்துக் கரிசுடக் கொடுக்க வேண்டும். பிறகு வெடியுப்பு காய்ச்சுகிற இடம். கல்கத்தாவிலிருந்து வந்த மூட்டைகளில் சணல் வாசனையும் ஏதோ ஒரு ஊரின் மண்ணும் இருக்கும். அதற்குப் பிறகு அரைவைக் கொட்டகை. வெடியுப்பும் கந்தகமும் கரியும் கலந்ததை இரண்டு பெரிய உருளைக் கற்கள் மணிக்கணக்கில் மிதித்து அரைக்கும். காய்ந்துவிடாமல் அவ்வப்போது தண்ணீர் தெளிப்பது அவன் வேலை. ஒரு வசந்தகாலக் காலையில் பக்கத்துக் கொட்டகை போனது. எலிஷாவின் கூரை ஆற்றுக்கு அக்கரையில் ஒரு ஆப்பிள் மரத்தின்மேல் போய் உட்கார்ந்தது. அவன் எழுந்து நின்று பார்த்தபோது எல்லாம் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது. வலது காது சில நாளில் திரும்பி வந்தது. இடது காது வரவில்லை.

ஒரு காதுக்காரனைக் கல்லருகே வைத்துக்கொள்ள முடியாது. கல்லின் சத்தம் மாறுவதைக் கேட்கத் தெரிய வேண்டும். அவனுக்கு ஒரு குதிரையைக் கொடுத்தார்கள்.

வயலட் சாம்பல் நிறப் பெட்டை. கொட்டகைக்குக் கொட்டகை மருந்து கொண்டுபோகிற சின்ன வண்டியை இழுப்பது அதன் வேலை. அதன் கால்களில் செம்பு லாடம். இரும்பு கல்லில் பட்டால் பொறி பறக்கும், செம்பு பட்டால் பறக்காது. செம்பு மெத்தென்று இருப்பதால் சீக்கிரம் தேய்ந்துவிடும், அடிக்கடி மாற்ற வேண்டும். ஆலைக்குள் உலை வைக்க வழியில்லை. ஆகவே லாடம் அடிப்பதெல்லாம் வாசலுக்கு வெளியே, கிராமத்துக் கொல்லர் சைலஸ் ஹாக்கினிடம்.

ஆலைக்குள் ஓடக் கூடாது. எலிஷாவுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அதுதான். மழை பெய்தாலும் நடக்க வேண்டும், சாப்பாட்டு வேளையிலும் நடக்க வேண்டும். இன்னொன்று மணி. வாய்க்கால் மதகுக்குப் பக்கத்தில் ஒரு வெண்கல மணி தொங்கியது. அது அடித்தால் யாராக இருந்தாலும், எந்த இடமாக இருந்தாலும், அப்படியே நிற்க வேண்டும். தூக்கிய காலைக் கீழே வைக்கலாம். வைத்த காலை எடுக்கக் கூடாது. மதகுக்காரன் மட்டும் நகர்ந்து தண்ணீரை அடைப்பான், சக்கரங்கள் நிற்கும். எலிஷாவின் காலத்தில் அது சில தடவைதான் அடித்திருந்தது. அடித்தவன் காரணம் சொல்லியாக வேண்டும்.

இந்த மனிதர்களை ஊருக்குள் நடையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். சந்தையில் கூட்டம் தள்ளும்போதும் ஆலைக்காரன் நிதானமாகக் காலை வைத்துப் போவான். எலிஷாவின் மனைவி டாம்சினுக்கு அது எரிச்சல். "வீடு பத்தி எரிஞ்சாக்கூட நீ இப்படித்தான் வருவ" என்பாள். வீடு ஆலை வீடு. வேலை இருக்கும்வரை வீடு. வாசல் பலகையில் எழுதிப்போட்டிருந்தது: இரும்பை உள்ளே கொண்டுவருபவர் அன்றே வேலை நீங்குவார், வீடும் நீங்கும். அந்த வரியைச் சொல்லித்தான் டாம்சின் தினமும் காலையில் அவன் உடுப்பைத் தடவிப் பார்ப்பாள், வாசலில் ஒருவன் தடவுவதற்கு முன்னால். தன் தலைமுடிக்கே எலும்பு ஊசிதான் குத்துவாள். அவள் முடியிலிருந்து ஒரு இரும்பு ஊசி அவன் தோளில் விழுந்து ஒட்டிக்கொண்டு போய்விட்டால் என்ன ஆகும்?

கோடையில் சேப்பலின் ஓய்வுநாள் பள்ளிக்குத் தேநீர் விருந்து நடக்கும். அந்தச் சனிக்கிழமை மட்டும் ஆலை தன் குதிரைகளைக் கடன் கொடுக்கும். வயலட்டின் பிடரியில் ரிப்பன் கட்டினார்கள். டாம்சினின் தம்பி ஜாகோ ஓட்டும் பாரன் என்ற பழுப்புக் குதிரைக்குக் காதில் டெய்சிப் பூ. இரண்டும் சேர்ந்து ஊர்ப் பிள்ளைகள் நிரம்பிய பெரிய வண்டியை இழுத்துக்கொண்டு மேட்டு வயலுக்குப் போயின. முன்னால் பேண்டு. கொல்லர் சைலஸ் பெரிய கொம்பு வாத்தியத்தை வயிற்றில் அணைத்துக்கொண்டு ஊதினார். வயலில் தட்டு அகலத்துக்குக் குங்குமப்பூ பன்னும் தேநீரும். பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுக் கண்ணைக் கட்டி ஓடினார்கள். ஓடுகிறவர்களை எலிஷா வேலியோரமாக நின்று கொஞ்சம் சங்கடத்தோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்புகிற வழியில் சரளைக்கல் பாதையில் வயலட்டின் முன்னங்கால் லாடம் ஆடியது. ஆணி ஒன்று விழுந்திருந்தது. பாரனுக்கும் இரண்டு ஆணி தளர்ந்திருந்தது. சைலஸின் பட்டறை வாசலில் நிறுத்தினார்கள்.

"சைலஸ், திங்கட்கிழமை காலைல உள்ள போகணும்" என்றான் எலிஷா.

"உங்க ஆலைக்காரங்களுக்கு நல்ல நாள் கெட்ட நாள் கிடையாதாப்பா? கொண்டா இப்படி. இந்த பேண்டு கோட்டுல கறை பட்டா என் பொண்டாட்டி எனக்கு லாடம் அடிச்சிருவா."

"அடிக்கட்டும். அப்பவாவது தாளத்துக்கு நடப்ப" என்றான் ஜாகோ.

"ஊதறவனுக்குத்தான்டா தெரியும் அது கஷ்டம். நீ ரெண்டு கையால பன்னத்தான் பிடிச்ச."

சைலஸ் கோட்டைக் கழற்றாமலே, அடுக்கில் இருந்த தகர டப்பாவை எடுத்தார். ஆலைக் குதிரைகளுக்கென்று தனியாக வைத்த செம்பு ஆணிகள் அதில் இருந்தன. வயலட்டுக்கு ஒன்று, பாரனுக்கு இரண்டு. அவசரமாகத் தட்டி வளைத்துவிட்டார். வெளியே டாம்சின் மீந்த பன்களைத் துணியில் முடிந்துகொண்டு நின்றாள்.

திங்கட்கிழமை வாசலில் ஓபதியா பாஸ்கோ காத்திருந்தார். முன்பு அரைவைக் கொட்டகையில் இருந்தவர். ஒருமுறை அது போனபோது இடது கை விரல்கள் வெந்து ஒட்டிக்கொண்டன. வந்தவர்களைத் தடவிப் பார்த்து உள்ளே விடுவது அவர் வேலை.

"என்ன எலிஷா, நேத்துப் பாட்டுல உன் குரல் மட்டும் தனியா ஓடுச்சே. கடிவாளம் போடலயா?"

"எனக்கு ஒரு காதுதானே ஓபதியா. மத்தவங்க எங்க போறாங்கன்னு பாதிதான் தெரியுது."

"மீதிய கர்த்தர் பாத்துப்பாரு. கையத் தூக்கு. தலையில என்ன, ஊசியா?"

"வைக்கோல்."

"வைக்கோல்தான். உள்ள போ." பிறகு குதிரையிடம் திரும்பினார். "வாம்மா, காலக் குடு. உன்ன மாதிரி ஒழுங்கா நிக்க ஒருத்தனுக்கும் தெரியல." நான்கு குளம்புகளையும் ஒட்டிய விரல்களின் மேல் ஏந்தி வைத்துப் பார்த்தார். எல்லா ஆணித் தலையும் சிவப்பு. விட்டார்.

மதியம் வரை எல்லாம் வழக்கம்போல. பாதையில் தோல் பதனிட்டு மிஞ்சிய பட்டைத் தூளைப் பரப்பித் தண்ணீர் தெளித்திருந்தார்கள், சத்தமே வராது. அரைத்த மருந்தைப் பாளமாக்கும் அழுத்துப்பட்டறை வாசலில் கருங்கல் பாவியிருந்தது. அந்தக் கல்லில் ஏறுவதற்கு முன் தொட்டித் தண்ணீரில் துணியை நனைத்துக் குளம்பு துடைக்க வேண்டும். ஒரு மணல் துகள்கூட ஒட்டியிருக்கக் கூடாது. வண்டியில் அழுத்தியெடுத்த மருந்துப் பாளங்கள் அடுக்கியாகிவிட்டது. எலிஷா குனிந்து முன்னங்காலைத் தூக்கித் துடைத்தான்.

ஒரு ஆணித் தலை வெள்ளையாக இருந்தது.

துணி நூல் என்று நினைத்து மறுபடி துடைத்தான். சிவப்புக்கு நடுவில் மீன் செதில்போல ஒரு வெள்ளை. நகத்தால் கீறினான். விளிம்பில் சிவப்பு மெல்லிய தோலாகப் பெயர்ந்தது. அதன் கீழேயும் வெள்ளை. லாடம் தேய்ந்து ஆணி கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

இரும்பு.

காலைக் கீழே விடாமல் தொடைமேல் வைத்துக்கொண்டான். கால் வைக்க வேண்டிய இடத்துக்கு ஒரு சாண் முன்னால் கருங்கல் தொடங்கியது. அவனுக்குப் பின்னால் வண்டி. அவன் சுற்றுமுற்றும் பார்க்கவில்லை, மெதுவாகக் கூப்பிட்டான்.

"ஸாம்ப்ஸன்."

அழுத்துப்பட்டறையின் ஸாம்ப்ஸன் கீஸ்ட் கதவிலிருந்து தலையை நீட்டினான். முகம் முழுக்கக் கரி, கண் மட்டும் ஈரமாக இருந்தது.

"என்ன, கல்யாணம் பேசறியா அதுகிட்ட? முழங்கால் போட்டு நிக்கற."

"இங்க வா. மெதுவா வா. இதப் பாரு."

ஸாம்ப்ஸன் வந்து பார்த்தான். சிரிப்பு நின்றது. "கர்த்தாவே" என்றான். பிறகு, "செம்பு மாதிரி இருந்துச்சா?"

"இருந்துச்சு. ஓபதியாவும் பாத்தாரு."

ஸாம்ப்ஸன் தன் தோல் ஏப்ரனை அவிழ்த்துத் தொட்டியில் முக்கினான். இருவரும் சேர்ந்து குளம்பைச் சுற்றிக் கட்டினார்கள். குதிரை ஒருமுறை தோளைச் சிலிர்த்தது. வண்டியின் அச்சு ஆடி நின்றது.

"இப்ப நான் சொல்றதக் கேளு" என்றான் ஸாம்ப்ஸன். "வண்டியக் கழட்டிடு. கட்டோட அத அப்படியே நடத்தி வெளிய கொண்டுபோ. கால் நொண்டுதுன்னு சொல்லு. வெளிய போனதும் ஆணியப் பிடுங்கி ஆத்துல போடு. நான் எதையும் பாக்கல. எவனுக்குத் தெரியும்?"

எலிஷா அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான். வேறு எதையும் நினைக்கவில்லை என்றே சொல்லலாம். வீட்டின் சமையலறைச் சுவரில் டாம்சின் நீலச் சுண்ணாம்பு அடித்திருந்தாள். அந்த நீலம் முழுசாக ஒருமுறை கண்முன் வந்து போனது.

"ஜாகோவோட குதிரைக்கு ரெண்டு ஆணி" என்றான்.

"என்ன?"

"அதே டப்பா. சனிக்கிழமை சாயங்காலம்."

ஸாம்ப்ஸன் மேல்பக்கம் பார்த்தான். பள்ளத்தாக்கின் மேல் முனையில் குருணைக் கொட்டகை. பாளத்தை உடைத்துக் குருணையாக்குகிற இடம், ஆலையிலேயே தூசு அதிகம் பறக்கிற இடம். அதன் வாசலிலும் கருங்கல்தான். ஜாகோ பாரனை அங்கேதான் கொண்டுபோயிருந்தான்.

"நடந்துபோய் அவன் காதுல மட்டும் சொல்லு. அவன் உன் மச்சான், வாயத் திறக்க மாட்டான்."

"நான் நடந்து போறதுக்குள்ள அவன் வாசலுக்குப் போயிருவான்."

"அப்ப ஓடு."

சொன்ன பிறகு ஸாம்ப்ஸனே தலையை ஆட்டிக்கொண்டான். ஓட முடியாது. கத்தவும் முடியாது, சக்கரச் சத்தத்தில் கேட்காது. இருந்தது மணி ஒன்றுதான்.

"மணி அடிச்சா காரணம் சொல்லணும்டா. சொன்னா நாளைக்கு உனக்கு வீடு இல்ல."

"அது கால நல்லாப் பிடிச்சுக்க" என்று சொல்லிவிட்டு எலிஷா மதகை நோக்கி நடந்தான். மற்ற நாள் நடப்பதுபோலவே நடந்தான். தூரம் அதிகமில்லை. அரைவைக் கொட்டகைகளைத் தாண்டும்போது உள்ளே இருந்தவர்கள் பாதிக் கதவுக்கு மேலாகத் தலையாட்டினார்கள், அவனும் தலையாட்டினான். மணிக்கயிறு ஈரமாக இருந்தது. இழுத்தான்.

பள்ளத்தாக்கு நின்றது. மதகு விழுந்து, சக்கரங்கள் ஒவ்வொன்றாகச் சொட்டிக்கொண்டு ஓய்ந்தன. பாலத்தின் நடுவில் ஒருவன் பீப்பாயை மார்போடு அணைத்தபடி நின்றான். தண்ணீர் தெளிக்கிறவனின் கையில் தெளிகலம் சாய்ந்தபடி இருந்தது, தண்ணீர் தீரும்வரை ஒழுகியது. யாரோ தும்மினார்கள். வெகுநாளாகச் சக்கரங்களுக்கு அடியில் கிடந்த ஆற்றின் சத்தம் மெல்ல மேலே வந்தது.

மேற்பார்வையாளர் ரோஸ்வார்ன் அலுவலகத்திலிருந்து நடந்து வந்தார். அந்த நாட்டில் நாலு பேரை வேலை வாங்குகிறவர் எல்லாருமே கேப்டன். இவரும் கேப்டன்.

"யாரு அடிச்சது?"

"நான்தாங்க கேப்டன்."

"எது போச்சு?"

"இன்னும் எதுவும் போகல." எலிஷா சொன்னான். முழுதும் சொன்னான், சைலஸின் பெயர் உட்பட.

ஜாகோவின் குதிரை குருணைக் கொட்டகை வாசலுக்கு நான்கைந்து அடி இப்பால் நின்றிருந்தது. இரண்டு குதிரைகளின் எட்டுக் குளம்புகளுக்கும் ஈரச் சாக்கு கட்டி, பட்டைத் தூள்மேல் ஒவ்வொரு அடியாக நடத்தி வாசலுக்கு வெளியே கொண்டுபோனார்கள். அங்கே ஓபதியா ஒரு அரம் வாங்கிவரச் சொல்லி, பாரனின் ஆணிகளை ஒவ்வொன்றாகத் தேய்த்தார். ஆலை முழுவதும் வேலியோரம் நின்று பார்த்தது. எல்லாம் செம்பு. அடிவரை செம்பு.

ஜாகோ வேலிக்கல்மேல் உட்கார்ந்துவிட்டான். சிரித்தான். "என்ன மச்சான், என் குதிரைக்கு உன்னுதவிட நல்ல ஆணி. சும்மா அடிச்சுட்டியே மணிய."

"சும்மாதான்" என்றான் பின்னாலிருந்து ஒருவன். சக்கரங்கள் நின்றதில் அன்று கல்லில் கிடந்த கலவை முழுக்கக் கெட்டுப்போய் ஆற்றில் கொட்ட வேண்டியிருந்தது.

சைலஸைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். டப்பாவோடு வந்தார். கேப்டன் சுவர்மேல் ஆணிகளைப் பரப்பி, அரத்தால் ஒவ்வொன்றையும் கீறினார். சிவப்பு, சிவப்பு, சிவப்பு. பிறகு ஒரு வெள்ளை. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அதற்கப்புறமும்.

"நான் இரும்ப இதுல போடல கேப்டன். என் பிள்ளைங்க மேல சத்தியமா."

"அப்ப இது எங்கருந்து வந்துச்சு?"

சைலஸுக்குத் தெரியவில்லை. பின்னாலேயே வந்திருந்த அவர் மனைவிக்குத்தான் கேப்டன் கேட்கும்போதே புரிந்தது. உலைக்குப் பக்கத்தில் இருக்கும் தொட்டிக்கு அவர்கள் தண்ணீர் எடுப்பது செம்புச் சுரங்கத்திலிருந்து வழிகிற ஓடையில். அந்த ஓடையில் பழைய குதிரைலாடத்தைப் போட்டால் சில நாளில் செம்பு நிறத் தோல் போர்த்திக்கொள்ளும் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். விருந்துக்கு முன்னால் அவள் தொட்டியைக் கழுவினாள். எப்போதோ தவறி விழுந்து அடியில் கிடந்த ஆணிகள் சிவப்பாக இருந்தன. ஆலை ஆணி வீணாகப் போகிறதே என்று பொறுக்கி டப்பாவில் போட்டாள்.

"நல்லதுன்னு நினைச்சுதான் போட்டேன்" என்றாள். சைலஸ் அவள் தோளைத் தொட்டார், பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

கேப்டன் முடிவை மறுநாள் காலை சொல்வதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வீட்டில் டாம்சினுக்கு எல்லாம் முன்பே தெரிந்திருந்தது. திரைச்சீலைகளைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஜாகோவுக்கு ஒண்ணும் இல்லல்ல?"

"இல்ல."

"அவன் ஆணி சரியாத்தான இருந்துச்சு?"

"ம்."

"அப்ப நீ மணி அடிக்கலன்னாலும் அவன் வீட்டுக்கு வந்திருப்பான்."

"வந்திருப்பான்."

அவள் ஒரு தட்டை எடுத்து வைக்கோலில் பொதிந்தாள். இன்னொன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "ஆனா உனக்கு அது தெரியாதே."

"தெரியாது."

"தெரியாதுதான்" என்று சொல்லி அந்தத் தட்டையும் பொதிந்தாள். இறைச்சியும் கிழங்கும் மாவில் பொதிந்த பேஸ்டி அடுப்பில் இருந்தது. சாப்பிட உட்கார்ந்தபோதுதான் தட்டெல்லாம் வைக்கோலுக்குள் போய்விட்டது தெரிந்தது. கையில் வைத்துச் சாப்பிட்டார்கள்.

காலையில் எல்லாரும் உள்ளே போவதற்கு முன்னால் கேப்டன் வாசல் பலகைக்கு அடியில் வந்து நின்றார். இரவு தூங்காத முகம். முதலாளிகள் துறைமுக நகரத்தில் இருந்தார்கள். மணி அடித்த செய்தி அவர்களுக்குப் போயாக வேண்டும். பலகையில் இருந்த வரியை உரக்க வாசித்தார். பிறகு கேட்டார்:

"இரும்ப உள்ள கொண்டுவந்தது யாரு?"

"நான்தாங்க" என்றான் எலிஷா.

"உன் உடம்புல இருந்துச்சா?"

"இல்லங்க. குதிரை கால்ல."

"ஓபதியா, நேத்து இவன சோதிச்சீங்களா?"

"சோதிச்சேன் கேப்டன். வைக்கோல் ஒண்ணு இருந்துச்சு. மத்தபடி சுத்தம்."

"அப்ப கொண்டுவந்தது குதிரை."

ஜாகோ மூக்கால் ஒரு சத்தம் எழுப்பினான். கேப்டன் அந்தப் பக்கம் பார்த்தார், சத்தம் நின்றது. அவர் விளையாடவில்லை. "மணி அடிச்சிருக்கு. பலகையில இப்படி எழுதியிருக்கு. ஒருத்தர வெளிய அனுப்பிட்டேன்னு நான் மேல சொல்லியாகணும். யாரையும் அனுப்பலன்னா இந்தப் பலகைய இன்னிக்கே கழட்டி அடுப்புல வைக்கலாம்."

"வயலட் இதுல ஒண்ணும் பண்ணலயே கேப்டன்" என்றான் எலிஷா.

"நீயும்தான் பண்ணல." கேப்டன் குரல் இறங்கியது. "யாராவது ஒருத்தர் போகணும். நீயா அதுவா? நீயே சொல்லு."

எலிஷாவுக்குப் பக்கத்தில் வயலட் நின்றுகொண்டிருந்தது. காலைச் சோதனைக்குப் பழகியதால் யாரும் கேட்காமலே முன்னங்காலைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. ஓபதியா குனிந்து அதை ஏந்தினார், பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் கீழே விட்டார். வேலியோரம் பெண்களுக்கு நடுவில் டாம்சின் நின்றாள். அவள் எலிஷாவைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எலிஷா குதிரையின் கயிற்றைக் கையில் எடுத்தான்.

"அதுதாங்க" என்றான்.

அன்று மாலைக்குள் மேட்டில் இருந்த வெள்ளீயச் சுரங்கத்துக்காரர்கள் வயலட்டை வாங்கிக்கொண்டார்கள். தாதுக்கல் வண்டி இழுக்க. அங்கே செம்பு லாடம் தேவையில்லை, தாங்கவும் தாங்காது. செம்பு ஆலையுடையது, திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆகவே எலிஷா அதைச் சைலஸிடம் நடத்திக்கொண்டுபோனான். செம்பு லாடங்கள் நான்கும் கழன்றன. சைலஸ் இரும்பைப் பழுக்கக் காய்ச்சிக் குளம்பில் வைத்தபோது புகையும் கருகல் நாற்றமும் கிளம்பின. குதிரை இதுவரை நெருப்பை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. எலிஷா அதன் கண்ணைக் கையால் மூடினான். தானும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"முன்னாடி மாதிரி நடக்காது கொஞ்ச நாளைக்கு" என்றார் சைலஸ். "கனம்ல."

"ம்."

"எலிஷா."

"சொல்லு."

"ஒண்ணுமில்ல."

சுரங்கத்து ஆள் கயிற்றை வாங்கிக்கொண்டான். எலிஷா பாதி வழி கூடவே போவதாகச் சொன்னான். நான்கு செம்பு லாடங்களையும் வைத்துக்கொள்ளப் பை இல்லை. கைக்கு இரண்டாகப் பிடித்துக்கொண்டான். மேட்டுப் பாதை முழுக்கக் கருங்கல். வயலட் ஒவ்வொரு காலையும் தேவைக்கு மேல் உயரத் தூக்கி வைத்து நடந்தது. அது நடக்கும்போது இவ்வளவு சத்தம் வரும் என்று அவனுக்கு இதுவரை தெரியாது. கேட்கிற காதைத் திருப்பிக்கொண்டு நடந்தான்.

சுரங்கத்து ஆள் பேச்சுக்காரன். "நல்ல பெட்டைதான். எதுக்குய்யா வித்தாங்க? கடிக்குமா?"

"கடிக்காது."

"உதைக்குமா?"

"நிக்கச் சொன்னா நிக்கும்."

வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. மேடு செங்குத்தாகிற இடத்தில் குதிரை ஊன்றி ஏறியது. பின்னங்கால் கல்லில் வழுக்கியது. ஒரு பொறி பறந்தது. சின்னது, ஆரஞ்சு நிறம், ஒரு இமைப்புக்குள் போய்விட்டது.

எலிஷா நின்றுவிட்டான். வைத்த காலை எடுக்கவில்லை. உள்ளங்கையில் செம்பு சூடாகியிருந்தது.

சுரங்கத்து ஆள் கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தான். "என்னய்யா, வரலயா?"

அடுத்த கால், அடுத்த பொறி. அதற்கடுத்தது. ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கொஞ்சம் மேலே. கடைசிப் பொறி எது, மேட்டு வீடுகளின் விளக்கு எது என்று பிரிக்க முடியாமல் போகும்வரை அப்படியே நின்றிருந்தான். பிறகு திரும்பி, மற்ற நாள் நடப்பதுபோல, கீழே நடந்தான்.